டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் நாயையும் பால்வெளியையும் ஒரே படத்தில் எடுப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவார ஊர்களான அண்டர்பெர்க், ஹிமெவில் பக்கம் நாயோடு கிளம்புமுன் தங்குமிடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மலைப் பூங்காவின் எல்லைக்குள் நாய்க்கு அனுமதியில்லை. அடிவாரத்துத் தனியார் பண்ணை முகாம்கள் சில நாயைச் சேர்த்துக்கொள்ளும். ஆடுமாடு பக்கத்தில் மேய்கிறதா, இரவில் வெளிவிளக்கை அணைக்க முடியுமா என்ற இரண்டையும் முன்பதிவின்போதே கேளுங்கள்.

எந்த நாளில் போவது என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். ஜூன், ஜூலையில் வரும் அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து இரவுகள். அது வறண்ட குளிர்காலம், வானம் பெரும்பாலும் துலக்கமாக இருக்கும். ஆகஸ்டில் காற்று எழும், புல்வெளித் தீயின் புகை அடிவானத்தை மூடும்.

பால்வெளியின் மையம் மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், தேளின் கொடுக்கும் தனுசும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. இந்த அட்சரேகையில் அது நேர் உச்சிக்கே வந்துவிடும்: ஜூன் நடுவில் நள்ளிரவில், ஜூலை நடுவில் 10 மணிக்கு. உச்சியில் நிற்கும்போது தரையில் உள்ள எதையும் அதோடு சேர்த்து எடுக்க முடியாது. மலைத்தொடர் மேற்கில் இருப்பதால், மலைமேல் மையம் சாய்வதைப் பிடிக்க ஜூலையில் பின்னிரவு 2, 3 மணிவரை விழித்திருக்க வேண்டும். நாயோடு போகிறவர்களுக்கு அது தோதுப்படாது. ஜூன் நடுவில் மாலை 7 முதல் 8 மணிக்குள் மையம் கிழக்கில் 30 பாகை உயரத்தில் இருக்கும். நாயும் தூங்கியிருக்காது, தரையும் இன்னும் உறையத் தொடங்கியிருக்காது. அந்த நேரத்தைத்தான் பரிந்துரைப்போம்.

பால்வெளி படத்தில் விழ கேமரா 20 விநாடி திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் நாய் கிடையாது. வானத்தின்முன் அது தலையைத் திருப்பினால் அதன் காதுக்குள்ளே நட்சத்திரம் மின்னும். அதனால் முக்காலியை அசைக்காமல், அந்தியில் நாயையும் இருட்டியபின் வானத்தையும் இரண்டு படமாக எடுத்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே கேமராவைக் கிழக்கு பார்த்து நிறுத்துங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணையுங்கள். லைவ் வியூவில் (காட்சியைக் கேமராத் திரையில் நேரடியாகக் காட்டும் முறை) பெரிதாக்கி, தொலைவில் உள்ள ஒரு மேட்டின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப்பால் ஒட்டுங்கள். 14 மிமீ லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஃபுல் பிரேம் (பெரிய சென்சார் கேமரா) என்றால் இந்த ஃபோகஸில் ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக விழும். ஆகவே நாயை 3 மீட்டரில் உட்கார வையுங்கள். அதைவிட நெருங்கினால் மூக்கு மங்கும். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, 1/60 விநாடி வைத்து இருபது படமாவது தட்டுங்கள். காதும் கண்ணும் சரியாக விழுந்தது அதில் ஒன்றிரண்டு தேறும்.

பிறகு நாய்க்குச் சாப்பாடு. நீங்கள் கொண்டுபோன பன்னி சௌவில் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய டர்பன் உணவு) ஒரு வாய்கூட வேண்டாம். அந்தக் கறியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தரையில் நுரைப் பாய், மேலே கம்பளிச் சட்டை, வெதுவெதுப்பான தண்ணீர். கயிற்றைத் தரையில் திருகும் முளையில் கட்டுங்கள். முக்காலிக் காலில் கட்டினால் ஒரு நரி ஊளையிட்டாலே போதும், கேமரா கீழே விழும்.

இருட்டியதும் கேமராவைத் திருப்பாமல், கிழக்கே பிரகாசிக்கும் கேட்டை நட்சத்திரத்தைப் (அன்டாரஸ்) பெரிதாக்கி ஃபோகஸைச் சரிபாருங்கள். எஃப் 2.8, 20 விநாடி, ஐஎஸ்ஓ 3200. விநாடியைக் கணக்கிட 300-ஐக் குவியத் தொலைவால் (லென்ஸின் மிமீ எண்) வகுத்தால் போதும். சிறிய சென்சாரில் அந்தத் தொலைவை முதலில் 1.5-ஆல் பெருக்க வேண்டும். 18-55 லென்ஸில் 18 மிமீ, எஃப் 3.5 என்றால் 11 விநாடி, ஐஎஸ்ஓ 6400. லென்ஸில் பனி படியாமலிருக்க ஒரு கைச்சூட்டுப் பையை ரப்பர் வளையத்தால் அதன்மேல் கட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், உபரியைச் சட்டைக்குள் வைத்திருங்கள்.

உண்ணித் தடுப்பு மாத்திரையைக் கிளம்புமுன்பே கொடுத்திருக்க வேண்டும். இங்கே பிலியரி (நாயின் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா நோய்) உண்ணிக் கடியால்தான் வருகிறது. திரும்பியதும் விரலிடுக்கு, காதுக்குள், அக்குள், வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த மூன்று வாரம் ஈறு வெளுக்கிறதா, சாப்பாட்டை ஒதுக்குகிறதா, சிறுநீர் பழுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.