மினியேச்சரை ஒட்டும் முன்பே பெட்டியை முடிவு செய்யுங்கள்

மேஜையில் படையாக நிறுத்தி விளையாடும் சின்னப் பொம்மைகள்தான் மினியேச்சர்கள், பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டுதுண்டாக வரும் அவற்றை நாமே வெட்டி, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். கடையில் வாங்கிய புதுப் பெட்டியைப் பிரித்ததும் கட்டரை (குறடு மாதிரியான வெட்டுக்கருவி) எடுத்து வெட்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பொம்மைகளை வீட்டில் எதில் வைக்கப் போகிறீர்கள், விளையாடும் இடத்துக்கு எதில் எடுத்துப் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளையாடும்போது உடைவதைவிடப் பைக்குள் குலுங்கியும் பெட்டிக்குள் உரசியும் கெட்டுப்போவதுதான் அதிகம், அதைத் தடுக்கும் வேலையில் பாதியை ஒட்டும்போதே செய்தாக வேண்டும். வர்ணம் அடித்து முடித்தபிறகு யோசித்தால், காய்ந்த மினியேச்சரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடியில் பசை தடவ வேண்டிவரும்.

உதாரணத்துக்கு வார்ஹாமர் 40,000-ஐ எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த மேஜைப் போர் விளையாட்டு இது, பலரும் இந்தப் பக்கம் வருவது இதன் வழியாகத்தான். ஆனால் கீழே சொல்வதெல்லாம் அந்த அளவில் உள்ள எந்த பிளாஸ்டிக் மினியேச்சருக்கும் பொருந்தும்.

பெட்டி விஷயத்தில் எனக்குக் காந்தம்தான் சரி. இந்த விளையாட்டின் கவச வீரரான ஸ்பேஸ் மரைன் ஒருவர் நிற்கும் 32 மி.மீ. பேஸின், அதாவது வட்டமான அடித்தட்டின், அடிப்பக்கம் குழிவாக இருக்கும். அதற்குள் 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தத்தை சூப்பர் குளூவால் ஒட்டிவிடுங்கள். காந்தம் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது, நீட்டினால் பொம்மை மேஜையில் ஆடும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் இரும்புத் தகடு ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டால் போதும், மினியேச்சர்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்ற இடத்தில் நிற்கும். வீட்டில் கிடக்கும் எவர்சில்வர் தட்டைப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதில் பல வகைகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு நல்லது. பழைய தகர பிஸ்கட் டப்பா கிடைத்தால் அதுவும் போதும், சின்னப் படையைத் தாங்கும். உலோக மினியேச்சர் என்றால் கனம் அதிகம், இரண்டு மூன்று காந்தங்கள் வேண்டியிருக்கும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்தக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலில் ஓட்டை போட்டுவிடும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை.

சரி, இப்போது வெட்டலாம். கட்டரின் தட்டையான பக்கம் மினியேச்சரைப் பார்த்து இருக்கட்டும், ஆனால் முதல் வெட்டைக் கொஞ்சம் தள்ளியே வெட்டுங்கள். மிச்சமிருக்கும் துண்டை இரண்டாவது வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துப் பிய்யாது. அடுத்தது அச்சுக் கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரப்பு மாதிரி ஒரு கோடு ஓடும், கால், தோள்பட்டை, துப்பாக்கிக் குழல் என்று எங்கும் இருக்கும். இப்போது கண்ணில் படாது. வர்ணம் அடித்து மேலே வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) ஊற்றியபிறகு பளிச்சென்று தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கத்தியின் முதுகுப் பக்கத்தைச் செங்குத்தாக வைத்து மெதுவாகச் சுரண்டினால் போதும். இந்த வேலை அலுப்புத்தான், ஆனாலும் விலை உயர்ந்த பெயின்ட் வாங்குவதைவிட இதற்குச் செலவிடும் பத்து நிமிடம் மினியேச்சரை அழகாக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பசையில் பலரும் குழம்புகிறார்கள். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்ட பிளாஸ்டிக் சிமென்ட், அதாவது டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது. இது இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், காய்ந்தபிறகு அங்கே இணைப்பு என்றே ஒன்று இருக்காது. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் அதுவே உள்ளே ஓடிவிடும். ஆவி காட்டமாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசினுக்கும் உலோகத்துக்கும் இது எடுபடாது, அவற்றுக்கு சூப்பர் குளூதான், நம் ஊர் ஃபெவிக்விக்கும் அதே ரகம். இடைவெளி விழுந்தால் கிரீன் ஸ்டஃப் அல்லது மில்லிபுட் வைத்து அடைக்கலாம். இரண்டும் எபாக்சிதான், அதாவது இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசைந்து வைத்தால் இறுகும் மாவு. எம்சீலும் எபாக்சிதான், பேஸில் பாறை மேடு செய்ய நன்றாக உதவும், முகம் மாதிரி நுணுக்கமான இடத்தில் வைக்க வேண்டாம்.

ரெசின் துண்டுகளை ஒட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருந்தால் பெயின்ட் பிடிக்காது. வளைந்த வாளை வெந்நீரில் முக்கி, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் அப்படியே நிற்கும். ரெசினைத் தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துக்கொண்டு முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கியைப் பிடித்திருக்கும் பொம்மை என்றால், துப்பாக்கியை ஒட்டியபிறகு பின்னால் இருக்கும் கவசத்துக்கு பிரஷ் போகாது. அதைத் தனியாக ஒரு குச்சியில் குத்தி வைத்து வர்ணம் அடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள். ஒட்டப் போகும் இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லாமல் சுரண்டிவிடுங்கள், பெயின்ட் மேல் வைக்கும் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும். நீளமான ஈட்டி, வால், கொடிக்கம்பம் இதெல்லாம் பெட்டி மூடியில் இடிக்குமா என்றும் இப்போதே நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. நம் பக்கத்து ஆட்களுக்குத் தகராறு தரும் இடம் இது. ஸ்ப்ரே டப்பாவில் எழுதியிருக்கும் வழிமுறை மிதமான குளிரையும் காய்ந்த காற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அதை அப்படியே பின்பற்ற முடியாது. வெயில் கடுமையாக இருந்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மினியேச்சர் மேல் மணல் தூவியது போலச் சொரசொரப்பாக உட்காரும். ஈரக்காற்று என்றால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் நீராவி படிந்து வெண்புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். மழை பெய்யாத நாளாகப் பார்த்து, வெயில் கடுமையாக இல்லாத, காற்றில் ஈரம் குறைந்த நேரத்தில், டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஒவ்வொரு வீச்சும் இருக்கட்டும். ஒரே நேரத்தில் முழுசாக மூட வேண்டியதில்லை. வருடத்தில் பாதி நாள் ஈரம் என்றால் ஸ்ப்ரேயோடு போராடாமல் பிரஷ்ஷால் பூசும் பிரைமருக்கு மாறிவிடுங்கள். வலேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் அப்படிப்பட்டது, மெல்லியதாக இரண்டு பூச்சு பூசி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் போதும்.

முதலில் முழுக்கக் கறுப்பு பூசிவிட்டு, மேலேயிருந்து மட்டும் வெள்ளை விழும்படி அடித்தால், வெளிச்சம் எங்கே படும், நிழல் எங்கே விழும் என்று பொம்மையே காட்டிக்கொடுக்கும். 2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் பெயின்ட் பிராண்டான சிட்டடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் இந்த அடித்தளத்தின் மேல் அற்புதமாக வேலை செய்யும். ஒரே பூச்சில் மேடுகளில் மெலிந்தும் பள்ளங்களில் அடர்ந்தும் நிற்கும். துணி, தோல், உரோமம், எலும்பு இவற்றுக்கு எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஸ்பேஸ் மரைனின் அகலமான கவசத் தட்டுகளுக்கு வேண்டாம், அங்கே திட்டுத்திட்டாகத் தேங்கும்.

சாதாரண அக்ரிலிக் பெயின்ட்டுக்கு ஒரே விதிதான்: மெல்லியதாக இரண்டு பூச்சு. புட்டியிலிருந்து நேராக எடுத்துப் பூசாதீர்கள். ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள், மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த சமையலறை டிஷ்யூவை இரண்டு மூன்று மடிப்பாகப் பரப்பி மேலே மெழுகு பூசாத பேக்கிங் பேப்பரை விரித்தால் முடிந்தது. பெயின்ட் மணிக்கணக்கில் காயாது, நம் வெயிலுக்கு இது இல்லாமல் வேலை ஆகாது. பேப்பரில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், பிரஷ் மயிரின் தடம் தெரிந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும், கோடு பரவி ஓடினால் தண்ணீர் அதிகம்.

பிரஷ் விஷயத்தில் சின்ன நம்பரைத் தேடிப் போகிறார்கள், வேண்டாம். கண் வரைவதற்குக்கூட நல்ல கூர் உள்ள 1-ஆம் நம்பர் போதும். மயிர்க்கற்றை பருமனாக இருந்தால்தான் பெயின்ட்டைத் தேக்கி வைக்கும், 000 நம்பரில் பிரஷ் பொம்மையைத் தொடுவதற்குள் நுனி காய்ந்துவிடும். உலோகக் கழுத்துக்குள் பெயின்ட் ஏறவிடாதீர்கள், தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள், முடிந்ததும் சோப்பில் சுழற்றிக் கழுவிக் கூர் பிடித்து வையுங்கள். தங்கம், வெள்ளி போன்ற மினுங்கும் பெயின்ட்டுக்குத் தண்ணீர்க் கிண்ணம் தனி, இல்லாவிட்டால் அந்தத் துகள்கள் எல்லா நிறத்திலும் மினுங்கும்.

படை என்று வரும்போது ஒவ்வொன்றாக முடிக்காமல் ஐந்து ஐந்தாக எடுத்துக்கொண்டு, ஐந்துக்கும் கவசம், ஐந்துக்கும் துணி என்று போங்கள். அடிப்படை நிறங்கள், பள்ளங்களில் நுல்ன் ஆயில் அல்லது ஆக்ராக்ஸ் எர்த்‌ஷேட் மாதிரி ஒரு வாஷ், விளிம்புகளில் வெளிர் நிறம், ஒரே மாதிரியான பேஸ். மேஜையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். போட்டிக்கும் இதுவே போதும்: வார்ஹாமர் 40,000 விதிகளின் 2023-இல் வந்த 10-ஆம் பதிப்பில், பேட்டில் ரெடி என்ற அளவுக்கு முழுப் படைக்கும் வர்ணம் அடித்திருந்தால் 100 புள்ளியில் 10 அதற்கே கிடைக்கும். பேஸுக்கு ஃபெவிகால் தடவி மணல் தூவலாம், சலித்த மணலாக இருக்கட்டும், கடற்கரை மணல் என்றால் உப்புப் போகக் கழுவிக் காயவைத்த மணலாக இருக்கட்டும். எந்த இடத்துக்கு எந்தப் பெயின்ட் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் இதே படைக்கு இன்னும் பத்துப் பேர் வாங்கும்போது அது இல்லாமல் நிறம் பொருந்தாது.

கையில் எடுத்து விளையாடும் மினியேச்சருக்கு வார்னிஷ் கட்டாயம். மேட் வார்னிஷ் நல்லது, உலோக நிறங்களின் பளபளப்பை மட்டும் கொஞ்சம் மங்கவைக்கும், அந்த இடங்களில் பிறகு பளபளக்கும் வார்னிஷைத் தொட்டுவிடுங்கள். ஸ்ப்ரே வார்னிஷும் ஈரக்காற்றில் வெளுக்கும், அதனால் மழை நாட்களில் பிரஷ்தான்.

இப்போது பெட்டி. காந்தம் வேண்டாம் என்று ஸ்பாஞ்ச் தட்டு வைத்துக்கொள்கிறவர்கள், குழி பொம்மையை இறுக்கிப் பிடிக்காதபடி வெட்டுங்கள், இறுக்கினால் மூக்கு, முழங்கால், வாள் முனை என்று ஒவ்வொரு தடவையும் பெயின்ட் தேயும். வார்னிஷ் முழுசாகக் காய்வதற்குள் ஸ்பாஞ்சில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டு 3டி பிரின்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையால் அச்சடித்தவை 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும், ரெசினும் வளையும். கண்ணாடி அலமாரியில் வைத்தால் நேரடி வெயில் படாத சுவராகப் பாருங்கள், நிறம் வெளிறும். ஈயம் கலந்த பழைய உலோக மினியேச்சர்களை ஓக் மர அலமாரியில் அடைக்கவே கூடாது, மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரித்துவிடும்.

பிடிக்காத பெயின்ட்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள், அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், பிளாஸ்டிக் மினியேச்சர் கரைந்தே போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நன்றாக எடுக்கும், ரெசினுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் பல காலமாக நடக்கும் வழி ஒன்று உண்டு: டெட்டால். தண்ணீர் சேர்க்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் உரிந்து வரும். ஆனால் உரிந்ததெல்லாம் போகும்வரை டெட்டாலிலேயே அலசுங்கள், அதற்கு முன் தண்ணீர் பட்டால் எல்லாம் பிசின் மாதிரித் திரண்டு பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். சுத்தமானபிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி பிரைமர் அடிக்கலாம்.