மண்சரிவு வரைபடத்தில் லயத்தையும் போடுங்கள்

இலங்கை மலையகத்தில் மழை கொட்டி மலை சரிந்தால் "இயற்கை அனர்த்தம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சரிந்தது இயற்கைதான், சரி. அதன் அடியில் லயத்தை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வரிசை வீட்டை, கட்டியது யார்?

அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1982இல் நச்சு மண்ணைப் புதைக்க, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வாரன் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றாடல் ஆபத்தை ஒடுக்கப்பட்ட இனத்தவர் தலையில் சுமத்துவதைக் குறிக்கும் "சுற்றாடல் இனவாதம்" என்ற பேச்சு பரவியது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். இங்கே யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமல், சொந்தக் காணியும் இல்லாமல், தோட்டம் காட்டிய இடத்திலேயே மலையகத் தமிழரின் தலைமுறைகள் இருந்தன. இதைப் படமாக்க எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் கேள்வி. "மலையகத்துக்கு அநீதி" என்பதை வரைய முடியாது. "எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் மண்சரிவு அபாய வலயத்துக்குள் லயம் எத்தனை, கிராமத்து வீடு எத்தனை?" என்பதை வரையலாம்.

அப்புறம் தரவு. அபாய வலய வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரிந்தே வரும். கூகுள் எர்த்தில் லயத்தை அடையாளம் காண்பது சுலபம்: தேயிலைக்கு நடுவே ஒரே நீளக் கூரை.

ஒப்பீடு. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். "2016இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் மலை சரிந்ததே, அங்கே செத்தவர்கள் தோட்டத்து ஆட்களா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எனவே லயத்தை மட்டும் போடாமல் கிராமத்து வீடுகளையும் போடுங்கள். எண்ணிக்கையை விடுங்கள், நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். ஒரு பேச்சுக்கு, 50 லயத்தில் 20 ஆபத்தில் என்றால் 40 வீதம். 400 கிராமத்து வீட்டில் 60 என்றால் 15 வீதம். வெறும் எண்ணிக்கையில் கிராமம்தான் பெரிதாகத் தெரியும், வீதத்தில் தலைகீழாகும். வித்தியாசமே வராவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். தோட்டம் என்றால் தமிழர் மட்டும் என்று தலைப்பிடவும் வேண்டாம்.

நிறம். லயத்துக்குச் சிவப்பு அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. பச்சை, நீலம் போட்டால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். லயத்துக்கு மண்நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல் போதும்.

காலக்கோடு. படத்தின் கீழே ஒரு கோடு இழுத்து மூன்று புள்ளி வையுங்கள்: 2005, 2011, 2014. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இந்தப் புள்ளிகளுக்கு இடையில் உள்ள வெற்றுக் கோட்டில் எதையும் எழுதாதீர்கள். எழும்பிப் போ என்றால் எங்கே போவது என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக வரும்.

கடைசியாக, கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவிடம் போனில் காட்டுங்கள். தன் லயம் எங்கே என்று விரலால் தொட முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். சிங்களத் தலைப்போடு இன்னொரு பிரதியும் எடுங்கள், பல அலுவலகங்களில் மேசைவரை போவது அதுதான்.