ஸ்வீட் கார்னில் களைக்கொல்லி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடுமலைப் பக்கம் புதிதாக ஸ்வீட் கார்ன் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் பட்ட அதே அடியை இவர்களும் படுகிறார்கள். அளவைக் கூட்டாதீர்கள், காற்று வீசும்போது அடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீவன மக்காச்சோளத்து மருந்தை ஸ்வீட் கார்னுக்கும் அடிப்பது

களை முளைக்கும் முன்பே மண்ணில் அடிக்கும் களைக்கொல்லியான அட்ரசினைத் தவறவிட்டவர்களும், அதையும் மீறி முளைத்த களையோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இப்போது டெம்போட்ரியோன், மெசோட்ரியோன், டோப்ரமிசோன் பக்கம் போகிறார்கள். நல்ல மருந்துகள்தான். களையை வெளுக்க வைத்துக் கொல்லும். மக்காச்சோளம் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? இலைக்குள் போன மருந்தை அதன் நொதி ஒன்று சீக்கிரமே உடைத்துவிடுகிறது. சில ஸ்வீட் கார்ன் ரகங்களில் அந்த நொதிக்கான மரபணுவே பழுது. களைக்கு நடப்பதுதான் அந்தப் பயிருக்கும் நடக்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சோதித்திருக்கிறார்கள். 'மெரிட்' என்ற ரகம் நிகோசல்ஃப்யூரான் என்ற இன்னொரு களைக்கொல்லி பட்டால் செத்தே போகும். இப்படி ஒரு மருந்துக்குத் தாங்காத ரகம், அதே நொதி உடைக்க வேண்டிய மற்ற மருந்துகளுக்கும் பெரும்பாலும் தாங்காது. டோப்ரமிசோன் மட்டும் கொஞ்சம் சாது.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கடையில் போய் "சோளத்துக்குக் களை மருந்து" என்று கேட்டார். எந்தச் சோளம் என்று கடையில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் குருத்தெல்லாம் வெள்ளை. "அண்ணா, ரெண்டு வாரத்துல பச்சை கட்டிரும்னு கடையில சொல்றாங்க" என்றார். பச்சை கட்டத்தான் செய்தது, ஆனால் ஒரு செடி முந்தியும் ஒரு செடி பிந்தியும்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த "பச்சை கட்டிரும்" என்ற பேச்சில்தான். தீவன மக்காச்சோளம் பத்து நாள் பிந்தினால் பரவாயில்லை, எல்லாம் காய்ந்த பிறகுதானே அறுக்கிறோம். ஸ்வீட் கார்னைக் கதிரில் பட்டுநூல் வந்து சுமார் 20 நாளில், மணி பாலாக இருக்கும்போதே ஒடித்தாக வேண்டும். விட்டால் சர்க்கரை மாவாகிவிடும். வியாபாரி வண்டியோடு வந்த அன்று தம்பியின் காட்டில் பாதி முற்றல், பாதி பிஞ்சு. கழித்தது போக மிஞ்சிய கதிர் வண்டி வாடகைக்கே சரியாகப் போனது.

அதனால் விதைப் பையில் உள்ள ரகப் பெயரைச் சொல்லி விதைக் கம்பெனியிடமே கேளுங்கள். லேபிளில் 'மக்காச்சோளம்' என்று இருந்தால் ஸ்வீட் கார்னும் அதில் அடக்கம் என்று நினைக்காதீர்கள். தவணை தவணையாக விதைப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. முதல் தவணையில் இரண்டு சாலில் மட்டும் அடித்துப் பத்து நாள் பாருங்கள், அப்புறம் அடுத்த தவணைக்கு முடிவெடுங்கள்.

படைப்புழு மருந்து அடித்த கையோடு களைக்கொல்லி

குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துகள் மேலே சொன்ன அந்த நொதியை முடக்கும். நல்ல ரகம்கூட அப்போது வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

களை வளர்ந்த பிறகு அடிப்பது

களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, அதாவது விதைத்த 15–20 நாளில் அடிக்க வேண்டும். சாரணை படர்ந்து பூத்த பிறகு ஆள் விட்டு வெட்டுவதுதான் வழி. ஸ்வீட் கார்ன் விதை சுருங்கிய விதை, அதில் மாவு குறைவு. நாற்று மெதுவாகத்தான் எழும்பும், களை அதற்குள் முந்திவிடும்.

காய்ந்த மண்ணில் அட்ரசின்

வீண்.

உளுந்து ஊடுபயிராக இருக்க, அட்ரசின்

உளுந்து போய்விடும். பெண்டிமெத்தலின் அடியுங்கள்.

கோரைக்கு அட்ரசின்

சாகாது. ஹாலோசல்ஃப்யூரானுக்குக் கட்டுப்படும். அதையும் இரண்டு சாலில் பார்த்துவிட்டு அடியுங்கள். ஒரே தடவையில் ஒழிந்துவிடாது, மண்ணில் கிடக்கும் கிழங்கு அடுத்த போகத்திலும் முளைக்கும்.