‘கமென்ஸ்’: வேலைக் கடிதத்தில் வரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன மாதம் தோட்டத்திலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி வேலைக் கடிதத்தை நீட்டினாள். “டீச்சர், ‘கமென்ஸ் டியூட்டி’ன்னு போட்டிருக்கே, நான் ஏதாவது கருத்து எழுதிக் கொடுக்கணுமா?” மூன்று நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம், மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. ‘கமென்ஸ்’ (commence) என்றால் ‘தொடங்கு’, ‘வேலையில் சேர்’ என்பதுதான் அந்தத் தொடரின் பொருள் என்றதும் அவள் விட்ட பெருமூச்சை என்னால் மறக்க முடியவில்லை. அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காது. கருத்தைக் குறிக்கும் ‘கமென்ட்ஸ்’ வேறு, இது வேறு. அதில் அழுத்தம் முதல் அசையில், இதில் இரண்டாம் அசையில்: க-மென்ஸ். பத்து முறை உரக்கச் சொல்லுங்கள். எழுதும்போது இரண்டு ‘எம்’ வரும்; ஒன்றை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, இடம். ‘ஸ்டார்ட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘கமென்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. அந்த வாடை இன்னும் போகவில்லை. நம் கல்யாணப் பத்திரிகையில் ‘வந்துடுங்க’ என்றா அடிக்கிறோம்? ‘வருகை தந்து’ என்கிறோம். அதே கணக்குதான். பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நிற்கும் மண்டோர் (கங்காணி) இந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்; அலுவலகக் கடிதம் சொல்லும். நம் நாட்டுச் சட்டங்களின் ஆங்கிலப் பிரதியைத் திறந்தால், முதல் பிரிவின் தலைப்பிலேயே பெரும்பாலும் ‘கமென்ஸ்மென்ட்’ இருக்கும். சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை அது குறிக்கும்.

இப்போது வாக்கியம். பிழை வருவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

“த மீட்டிங் வில் கமென்ஸ் அட் 9 ஏ.எம்.” மணிக்கு ‘அட்’.

“ஐ வில் கமென்ஸ் டியூட்டி ஆன் 2 ஜனவரி.” தேதிக்கு ‘ஆன்’. ‘கமென்ஸ் ஃப்ரம்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம், ‘ஃப்ரம்’ வேண்டாம்.

பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘இங்’ சேருங்கள்: “தே கமென்ஸ்ட் பில்டிங் த ஹால்.” ‘ஸ்டார்ட் டு பில்ட்’ போல ‘கமென்ஸ் டு’ என்று போனால் காதுக்கு இடறும்.

மோட்டாரை ‘கமென்ஸ்’ பண்ண முடியாது. ஈப்போவிலிருந்து கிளம்புவதற்கும் இது பொருந்தாது. இரண்டுக்கும் ‘ஸ்டார்ட்’தான். வீட்டில் தம்பியிடம் பேசும்போதும் அதுவே போதும். பெரிய சொல் போட்டால்தான் ஆங்கிலம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கடைசியாக, பாரம் (படிவம்). நாசி லெமாக் கடை போட எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிகிறீர்கள் என்று வையுங்கள். வியாபாரம் ‘கமென்ஸ்’ ஆன தேதியைக் கேட்பார்கள். நீங்கள் பாரம் நிரப்பும் நாள் அல்ல, கடையில் முதல் வியாபாரம் தொடங்கிய நாள். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். தேதியைப் பார்த்து எழுதுங்கள்.

இன்றைக்கு வீட்டுப்பாடம் ஒன்றுதான். உங்கள் கோயில் திருவிழா ஆலோசனைக் கூட்டத்துக்கு ஒரு வரி அறிவிப்பு எழுதுங்கள், நாளும் மணியும் சேர்த்து. அந்தத் தங்கச்சி எழுதியது இது: “த மீட்டிங் வில் கமென்ஸ் அட் 7.30 பி.எம். ஆன் சண்டே.”