மறுசீரமைப்பு நீதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றத்தை வெறும் சட்டமீறலாகப் பாராமல், ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்காகப் பார்த்து, தீங்குக்கு ஆளானவருக்கு என்ன தேவை, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று கேட்பதே மறுசீரமைப்பு நீதியின் அடிப்படை. அதைச் சமரசம் என்று எண்ணிக்கொள்வதே பரவலான தவறு. ஏனைய தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1974ஆம் ஆண்டு கனடாவின் எல்மைரா ஊரில் 22 இடங்களில் சேதம் விளைவித்த இரண்டு இளைஞர்கள், நன்னடத்தை அலுவலர் முன்வைத்த யோசனையை நீதிபதி ஏற்று ஆணையிட்டதன்பேரில், பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கே சென்று இழப்பைக் கேட்டறிந்து ஈடு செலுத்தினார்கள். இத்துறையின் தொடக்கமாக இன்று கருதப்படும் அந்த நிகழ்வில், அவர்கள் குற்றத்தை முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. யார் செய்தது என்ற கேள்வியை மழுப்பிவிட்டும் சமரசம் செய்துகொள்ள முடியும். மறுசீரமைப்பு நீதியில் பொறுப்பை ஏற்ற பிறகே பேச்சு தொடங்க முடியும்.

நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இதுவும் ஒன்றுதான் என்று கூறுவோர் பலர். ஆதிக்கச் சாதியினர் கூட்டிய சபையில், பிழைப்புக்கு அவர்களையே நம்பியிருக்கும் ஒருவர் தலையசைப்பதை இசைவு என்று எப்படிக் கொள்வது? பங்கேற்பு இரு தரப்பின் சுதந்திரமான விருப்பத்தில் அமைய வேண்டும், எந்த நிலையிலும் விலகிக்கொள்ளலாம், தரப்பினரிடையே உள்ள அதிகார ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2002இல் வகுத்த அடிப்படைக் கோட்பாடுகள் வற்புறுத்துகின்றன. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் பாலியல் வன்கொடுமை வழக்கொன்றைச் சமரச மையத்துக்கு அனுப்பியதும், அத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறிய பின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதும் கொடிய தவறே. மன்னிப்பது அவருடைய உரிமை, கடமையன்று. குற்றவாளியை அவமானப்படுத்துவதே அவரைத் திருத்தும் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. செயலைக் கண்டித்து, செய்தவரைச் சமூகத்துக்குள் மீண்டும் ஏற்பதும், அவருக்கு நிரந்தர முத்திரை குத்தி ஒதுக்குவதும் வெவ்வேறு என்று ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரைத்வெயிட் 1989இல் வாதிட்டார்.

நீதிமன்றமே தேவையில்லை என்று முடிவுகட்டுவதும் சரியன்று. அதே 1989இல் நியூசிலாந்து இளையோர் வழக்குகளில் தவறிழைத்தவரும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசித் தீர்வு காணும் குடும்பக் கூட்டங்களைச் சட்டமாக்கியபோது நீதிமன்றத்தைக் கைவிடவில்லை. கூட்டத்தில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றாவிட்டால் வழக்கு அங்கே திரும்பிச் செல்ல முடியும்.