ஃபைன்மெட் ரிப்பனை ஒழுங்கா அனீல் பண்றது எப்படி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஃபைன்மெட், அதாவது சுலபமா காந்தமாகி சுலபமா காந்தம் விடுற இரும்புக் கலவை ரிப்பன், எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். அனீல்னா அதைக் கணக்கா சூடு பண்ணி உள்ளமைப்பை மாத்துறது. பினாங்குல நிபோங் திபால் பக்கம் லேப்ல ராத்திரி பகலா இதோட உக்காந்திருந்தவன் நான், நாளைக்கு பாயான் லெப்பாஸ்ல பவர் சப்ளை வேலைக்குப் போனீங்கன்னா இதே சாமான் சோக் காயிலுக்கு நடுவுல இருக்கிற கோர் (core) வடிவத்துல உங்க கைக்கு வரலாம்.

1988ல ஜப்பான்ல ஹிட்டாச்சி மெட்டல்ஸ்ல யோஷிசாவா குழு வெளியிட்ட கலவை இது. இரும்பு 73.5, சிலிக்கான் 13.5, போரான் 9, நையோபியம் 3, செம்பு 1, எல்லாம் அணு விழுக்காடு. உருகின உலோகத்தை வேகமா சுத்துற செம்புச் சக்கரத்து மேல பீய்ச்சுவாங்க, நொடிக்கு பத்து லட்சம் டிகிரி கணக்குல குளிர்றதால அணுக்களுக்கு வரிசையா நிக்க நேரமே கிடைக்காம கண்ணாடி மாதிரி உறைஞ்சிடும், கனம் சுமார் 20 மைக்ரான்தான்.

நம்ம வேலை இதுக்குள்ள பொடிப்பொடியா கிரிஸ்டல் முளைக்க வைக்கிறது. நெய்ய மெதுவா ஆற விட்டா பெரிய பெரிய மணலா உறையும், ஐஸ்பெட்டில வச்சா நைஸா உறையும், ஏன்னா விதை நிறைய விழுது. இங்க அந்த விதையைப் போடுறது செம்பு, சூடு ஏறுறப்போ அதுதான் முதல்ல குட்டிக்குட்டி கூட்டமா சேரும், அதை ஒட்டி இரும்பு-சிலிக்கான் மணி (கிரெய்ன், அதாவது குட்டி கிரிஸ்டல்) முளைக்கும், நையோபியம் சுத்தி நின்னு மணியை மேல வளர விடாது. மணி 10லேர்ந்து 15 நானோமீட்டர்ல நிக்கணும். ஏன் இவ்வளவு கறார்னா, ஹெர்சர்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டின கணக்குப்படி கொயர்சிவிட்டி (காந்தத்தை அழிக்க வேண்டிய எதிர்ப்புலம், இது குறைவா இருந்தாதான் நல்லது) மணி அளவோட ஆறாவது அடுக்குல ஏறும், 10 இருந்தது 20 ஆனா 64 மடங்கு!

முதல்ல டிஎஸ்சி (சூடேத்துறப்போ சாம்பிள் எவ்வளவு வெப்பம் விடுது, வாங்குதுன்னு அளக்கிற மெஷின்) ஓட்டுங்க, நிமிஷத்துக்கு 10 டிகிரி போதும். 500 டிகிரி செல்சியஸுக்கு மேல ஒரு பீக் வரும், மணி முளைக்கிற இடம், அதுதான் நமக்கு வேணும். அதுக்கு ரொம்ப மேல இன்னொண்ணு வரும், அது போரைடு (இரும்பும் போரானும் சேர்ந்த கிரிஸ்டல்), அங்க போனா காந்த குணம் கெட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல 540-550ல ஒரு மணி நேரம், வாக்யூம் இல்லாட்டி ஆர்கான்ல. ரிப்பனை வெட்டுறது, கோர் வடிவத்துல சுத்துறது எல்லாத்தையும் அனீலுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, பிறகு அது அப்பளம் மாதிரி நொறுங்கும் லா.

நான் தப்பு பண்ணின இடத்தையும் சொல்லிடறேன். ஒரே தடவைல முடிச்சிடலாம்னு நிறைய ரிப்பனை இறுக்கமா அடுக்கி அலுமினா போட்ல (படகு மாதிரி பீங்கான் தட்டு) வச்சேன், பர்னஸ் 550தான் காட்டுச்சு, ஆனா கிரிஸ்டல் ஆகுறப்போ ரிப்பனே சூட்டை வெளிய விடும், அடுக்குக்குள்ள அது போக வழியில்லாம நடு ரிப்பன் எங்கயோ ஏறிடுச்சு, எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே அடிச்சு எந்த கிரிஸ்டல் இருக்குன்னு பார்க்கிற மெஷின்) பார்த்தா போரைடு பீக் நிக்குது, ரெண்டு வார வேலை போச்சு. அதனால தெர்மோகப்பிளை ரிப்பன்லயே ஒட்டுற மாதிரி வைங்க, அடுக்கைக் குறைங்க, 480க்கு மேல மெதுவா ஏத்துங்க. பர்னஸ் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதாதீங்க, ப்ளீஸ்.

எக்ஸ்ஆர்டிக்கு கோபால்ட் டியூப் கிடைச்சா அதைக் கேளுங்க, செம்பு டியூப்ல வர்ற எக்ஸ்ரே பட்டா இரும்பு தானே எக்ஸ்ரே விடும் (ஃப்ளோரசன்ஸ்), அது பேக்ரவுண்டைத் தூக்கிடும். பீக் அகலத்துலேர்ந்து ஷெரர் ஃபார்முலா கணக்குல மணி அளவு வரும், மெஷினோட சொந்த அகலத்தைக் கழிக்க மறக்காதீங்க. பீக் அடியில கொஞ்சம் மேடு மிச்சம் இருந்தா பயப்படாதீங்க, அது கிரிஸ்டல் ஆகாம மிச்சம் நின்ன கண்ணாடி, அது வழியாத்தான் ஒரு மணியோட காந்தம் அடுத்த மணியைப் பிடிச்சுக்குது.

இன்னொரு செக், எனக்கு ரொம்பப் பிடிச்சது. டிஜிஏ மெஷினுக்கு (சூடேத்திக்கிட்டே எடை பார்க்கிறது) வெளிய சின்ன காந்தம் வச்சு சூடேத்துங்க, காந்தம் இழுக்கிறது எடையா தெரியும். அனீல் பண்ணாத துண்டு 320 டிகிரி வாக்குல இழுப்பை விட்டுடும், ஏன்னா கண்ணாடி ஃபேஸோட கியூரி டெம்பரேச்சர் (அதுக்கு மேல காந்த குணம் போயிடும்) அங்கதான். நல்லா அனீல் ஆன துண்டு 400லயும் இழுத்துக்கிட்டே இருக்கும், உள்ள இருக்கிற மணிங்களோட கியூரி டெம்பரேச்சர் 600 பக்கம். ரெண்டு கர்வையும் ஒரே பேப்பர்ல போட்டு லெக்சரர்கிட்ட காட்டுங்க.