ஓர் ஆல்பத்தைக் கேட்டு, சொந்தக் கருத்தை எழுதுவது எப்படி?

பாப் அல்லது ராக் ஆல்பம் ஒன்றைக் கேட்டு முடித்ததும் ‘அருமை’ என்றோ ‘சுமார்’ என்றோ சொல்லிவிட எல்லோராலும் முடியும். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் அந்த எண்ணம் பிறந்தது என்று கேட்டால்தான் தடுமாறிப் போகிறோம். இடம் சுட்டிச் சொல்லப்படும் கருத்தை மட்டுமே இன்னொருவர் தாமும் கேட்டுப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்பதால், அப்படி எழுதப் பழகும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பயிற்சிக்கு ஃப்ளீட்வுட் மேக் குழு 1977இல் வெளியிட்ட ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த ஆல்பத்தில் மூவர் பாட்டு எழுதி, மூவரும் பாடியும் இருக்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கும் குரலுக்குக் குரல் உள்ள வேறுபாடு எளிதில் பிடிபடும்.

முதல் படி: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

‘ரூமர்ஸ்’ முதலில் வெளிவந்தபோது அதில் இருந்தவை 11 பாட்டுகள். உங்கள் செயலியில் அதைவிட நீளமான பட்டியல் தெரிந்தால், அது பிற்காலப் பதிப்பு என்று அறிந்துகொள்ளலாம். இசைத்தட்டில் இடம் போதாமல் அப்போது விலக்கப்பட்ட ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்ற பாட்டு 2004ஆம் ஆண்டு மறுபதிப்பில் சேர்க்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டுதான். ஆனாலும் முதல் முறை கேட்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டுகளின் வரிசையும் ஆல்பத்தின் ஓர் அங்கம். அந்த வரிசையைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டுமானால், முதலில் வெளிவந்த வரிசையிலேயே கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: கருவியைத் தயார் செய்யுங்கள்

பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளையும், ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசரையும் அணைத்துவிடுங்கள். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, ஆனால் போனின் சிறு ஸ்பீக்கரில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் ஏறக்குறைய கேட்கவே கேட்காது என்பதால் ஏதேனும் ஒரு ஹெட்போன் கட்டாயம் வேண்டும். ஒலியளவை முதலிலேயே ஒரு நிலையில் வைத்துவிட்டு, இறுதிவரை மாற்றாமல் இருங்கள்.

மூன்றாம் படி: குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள்

முதல் முறை கேட்கும்போது தீர்ப்பு எதுவும் எழுத வேண்டாம். ஒரு தாளில் பாட்டின் பெயரையும், காதை இழுத்த இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்புத் தட்டிய இடங்களையும் அதே போலக் குறியுங்கள். பின்னால் அவைதாம் அதிகம் உதவும்.

எடுத்துக்காட்டாக, என் தாளில் ஆறாவது பாட்டும் ஏழாவது பாட்டும் சந்திக்கும் இடம் இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. ஆறாவது பாட்டான ‘சாங்பேர்ட்’ வழக்கமான ஸ்டூடியோவில் பதிவானதன்று; கிறிஸ்டின் மெக்வீ ஒரு பெரிய அரங்கில் பியானோ வாசித்துப் பாடியது. பியானோவைச் சுற்றி அந்த அரங்கின் வெற்றிடமும் சேர்ந்து ஒலிப்பதைக் கவனித்தால் உணரலாம். அது அடங்கியதும் ‘தி செயின்’ பாட்டின் டிரம் அடி தனித்து எழுகிறது. இன்று செயலியில் கேட்பவருக்கு இரண்டுக்கும் நடுவே ஓரிரு நொடி இடைவெளிதான் கிடைக்கும். 1977இல் வாங்கியவரோ முதல் பக்கம் ‘சாங்பேர்ட்’டோடு முடிந்ததும் எழுந்து போய், தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைத்த பிறகுதான் ‘தி செயின்’ கேட்டிருப்பார். அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் தொடர்ந்து பாருங்கள். இரண்டாம் பாதி புதிதாகத் தொடங்குவது போல் இருக்கும். இசைத்தட்டுக் காலத்து ஆல்பம் எதைக் கேட்டாலும் அதன் பக்கங்கள் எங்கே பிரிகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

நான்காம் படி: ஒரே ஒரு வாத்தியத்தைப் பின்தொடருங்கள்

இரண்டாம் முறை கேட்கும்போது பாடுபவரை விட்டுவிட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். ‘தி செயின்’ பாட்டில் மூன்று நிமிடம் கடந்ததும் மற்ற எல்லாம் ஓய்ந்து, ஜான் மெக்வீயின் பேஸ் மட்டும் தனியே இறங்கி வரும் இடம் இதற்கு நல்ல தொடக்கம், ஏனென்றால் அங்கே அதைத் தவறவிட முடியாது. அந்த ஒலியைக் காது அடையாளம் கண்டுகொண்ட பிறகு, இரண்டாவது பாட்டான ‘ட்ரீம்ஸ்’க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) மாறி மாறி வருகின்றன. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் போட்ட தடத்தை விட்டு விலகுவதே இல்லை. அப்படியும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு ஏன் சலிக்கவில்லை? ஸ்டீவி நிக்ஸ் ஒவ்வொரு வரியையும் தாளத்துக்குச் சற்றே பிந்தி இறக்கி வைப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு காரணம் தோன்றலாம். தோன்றியதை எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: பின்னணிக் கதையைக் கடைசியில் படியுங்கள்

மூன்றாம் முறை பாடல் வரிகளைக் கண்ணால் படித்துக்கொண்டே கேளுங்கள். அதற்குப் பிறகே ஆல்பம் உருவான கதையைத் தேடிப் படிக்கலாம். ‘ரூமர்ஸ்’ பதிவாகிக்கொண்டிருந்த காலத்தில் குழுவில் இருந்த ஒரு தம்பதியும் ஒரு காதல் இணையும் பிரிந்துகொண்டிருந்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதை முதலிலேயே தெரிந்துகொண்டு கேட்பவர் ஒவ்வொரு வரியிலும் யார் யாரைச் சாடுகிறார் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்; இசை காதில் விழுவதே இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதப்படும் கருத்துகளில் பாதி, ஆல்பத்தைக் கேட்காமலே எழுதிவிடக் கூடியவையாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆறாம் படி: வாக்கியத்தை எழுதுங்கள்

இப்போது தாளில் உள்ள குறிப்புகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்டது, எங்கே கேட்டது, அது உங்களை என்ன செய்தது என்ற மூன்றும் அடங்கிய வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். ‘தி செயின் அட்டகாசமான பாட்டு’ என்பதில் மறுக்கவோ ஏற்கவோ ஏதுமில்லை. ‘மூன்று நிமிடம் வரை சேர்ந்து பாடிய குரல்கள் விலகி, பேஸ் தனியே வரும்போது, சண்டை முடிந்த வீட்டில் யாரோ நடக்கும் காலடிச் சத்தம் போல் இருந்தது’ என்பது ஒரு கருத்து. அதைப் படிப்பவர் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டு, ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று சொல்ல முடியும்.

ஏழாம் படி: எதிர்பார்ப்பையும் குறையையும் பிரித்து எழுதுங்கள்

பிடிக்கவில்லை என்று எழுதும்போதுதான் அதிக கவனம் வேண்டும். ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997) ஆல்பத்தில் மனத்தைப் பறிகொடுத்திருந்த நான், அதற்கு அடுத்து வந்த ‘கிட் ஏ’ (2000) ஆல்பத்தை முதன்முறை கேட்டதும் ‘கிட்டார் எங்கே போயிற்று?’ என்று கோபமாக ஒரு பக்கம் எழுதினேன். முதல் பாட்டு கிட்டாருக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கீபோர்டோடும் துண்டாடப்பட்ட குரலோடும் தொடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது முழுவதும் என் எதிர்பார்ப்பைப் பற்றியது. ஆல்பம் எதைச் செய்ய முயல்கிறது, அதில் எங்கே சறுக்குகிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ‘நான் எதிர்பார்த்தது’, மறுபக்கம் ‘இதில் உள்ளது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கம் காலியாக இருந்தால் மீண்டும் ஒரு முறை கேட்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

நட்சத்திரமோ மதிப்பெண்ணோ கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை.

எட்டாம் படி: ஒரு வாரம் கழித்துத் திரும்புங்கள்

எழுதியதை ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து, ஆல்பத்தை மறுபடி கேட்டுவிட்டு உங்கள் வாக்கியங்களைப் படியுங்கள். மாறிப்போன கருத்தை அழிக்காமல், அதன் கீழேயே புதிய தேதியிட்டுப் புதிய கருத்தை எழுதுங்கள். பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) பற்றிய என் பக்கத்தில், ‘குரல்கள் இனிமை, மற்றபடி மெலிந்த ஒலி’ என்ற பழைய குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அது போன் ஸ்பீக்கரில் கேட்டு எழுதியது. அதற்குக் கீழே, ஹெட்போனில் கேட்ட பிறகு எழுதிய குறிப்பு இப்படி இருக்கிறது: ‘காட் ஒன்லி நோஸ் பாட்டின் முடிவில் ஒரு குரல் முடிப்பதற்குள் இன்னொரு குரல் நுழைகிறது, அதற்குள் மற்றொன்று, கடைசியில் எது முதலில் தொடங்கியது என்றே தெரியாமல் எல்லாம் மெல்ல மங்கிப் போகின்றன.’